மின்சாரக் கார்: வாங்குமுன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்



முன்பெல்லாம் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு கார் வந்தால், அது வளைவு திரும்புமுன்பே அதன் உறுமல் நம் காதுக்கு எட்டிவிடும். இன்றோ, பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளில் சிலர் தீபாவளிக்கு வீடு திரும்பும்போது, ஓசையே இல்லாத காரில் வந்து வாசலில் இறங்குகிறார்கள். அது மின்சாரக் கார். "பெட்ரோல் செலவே இல்லையப்பா, நாமும் ஒன்று வாங்கலாம்" என்று பிள்ளை சொல்கிறான். அப்பாவோ, "இது எத்தனை வருஷம் உழைக்கும்? நம் தோட்டத்தில் இதற்குக் கரண்டு எங்கே ஏற்றுவது?" என்று கேட்கிறார்.

அப்பா படிக்காதவராக இருக்கலாம். ஆனால் அவர் கேட்ட இரண்டும் சரியான கேள்விகள். கடந்த பதினைந்து ஆண்டுகளாக உலகத்தின் பெரிய கார் நிறுவனங்கள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டிருப்பதே இந்த இரண்டு கேள்விகளின் மீதுதான். ஒன்று, கார் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பது. மற்றொன்று, வழியில் அதற்கு மின்சாரம் எங்கே கிடைக்கும் என்பது. நம் நாட்டில் கார்க் கடனை ஒன்பது ஆண்டுகள் வரை தவணையாகக் கட்டுகிறோம். தவணை முடியுமுன் கார் முடிந்துவிட்டால், ஒரு குடும்பத்தின் ஒன்பது ஆண்டு உழைப்பு வீணாகிவிடும். ஆகவே மற்றவர்கள் பட்ட அனுபவத்தை நாம் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். மின்சாரக் காரில் பெட்ரோல் தொட்டி இல்லை. அதற்குப் பதிலாகக் காரின் அடிப்பகுதி முழுவதும் ஒரு பெரிய மின்கலம், அதாவது பேட்டரி, படுக்க வைத்ததுபோல் பொருத்தப்பட்டிருக்கும். அது எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதை யூனிட் கணக்கில் சொல்லலாம். நம் வீட்டு மின்கட்டண ரசீதில் வருகிற அதே யூனிட்தான். 1,000 வாட் சக்தியை இழுக்கும் ஓர் அடுப்பை ஒரு மணி நேரம் விடாமல் எரித்தால் ஒரு யூனிட் செலவாகும். நடுத்தரமான ஒரு மின்சாரக் காரின் மின்கலம் 50 முதல் 60 யூனிட் கொள்ளும். ஒரு யூனிட்டுக்கு அந்தக் கார் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஓடும். ஆக, முழுதாக ஏற்றிய கார் 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று கணக்கிடலாம்.

காரின் விலையில் ஒரு பெரிய பங்கு இந்த மின்கலத்தின் விலைதான். ஆகவே "கார் நன்றாகச் செய்யப்பட்டதா?" என்று கேட்டால், "மின்கலம் நன்றாகச் செய்யப்பட்டதா?" என்று கேட்பதாகவே பொருள்.

இதற்கு முதல் பாடத்தைத் தந்தது ஜப்பானின் நிசான் நிறுவனம். 2010 டிசம்பரில் அந்த நிறுவனம் 'லீஃப்' என்ற காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. உலகச் சந்தைக்குப் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் மின்சாரக் கார்களில் அது ஒன்று. உடலமைப்பில் குறை சொல்ல முடியாத கார். கதவும் இருக்கையும் ஜப்பானியக் கார்களுக்கே உரிய ஒழுங்கோடு இருந்தன. ஆனால் மின்கலத்தைக் குளிர்விக்க அதில் நீரோட்ட ஏற்பாடு இல்லை. காற்று படுவதே போதும் என்று விட்டுவிட்டார்கள். குளிர்நாட்டில் அது போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் பாலைவன வெயில் அடிக்கும் அரிசோனா மாநிலத்தில் போதவில்லை. மின்கலத்தின் கொள்ளளவைக் காட்ட அந்தக் காரில் 12 சிறு கோடுகள் உண்டு. 2012 கோடையில், வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத கார்களில் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. முன்பு போய்வந்த தூரத்துக்கு அதே கார் இப்போது போக முடியவில்லை. உரிமையாளர்கள் குரல் எழுப்பிய பிறகு, ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைல் வரைக்கும் 9 கோடுகளுக்குக் குறையாமல் இருக்கும் என்று நிறுவனம் உத்தரவாதம் கொடுத்தது. பின்னர் வெப்பத்தைத் தாங்கும் வேறு வகை மின்கலத்தையும் கொண்டு வந்தது.

வெப்பம் நமக்கும் உறவுதான். ஆண்டு முழுவதும் வெயிலில் வாழ்கிற நாம், மின்கலத்தைக் குளிர்விக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று கேளாமல் ஒரு காரை வாங்கக்கூடாது. இன்று வருகிற புதிய கார்களில் பெரும்பாலானவை நீரோட்டத்தால் குளிர்விக்கப்படுகின்றன. பழைய கார் வாங்குவோர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனத்திடமிருந்து வருகிறது. நிசான் கதைக்கு இது நேர்மாறானது. டெஸ்லா மின்கலத்துக்கு நீரோட்டக் குளிர்விப்பைத் தொடக்கத்திலிருந்தே கொடுத்தது. மின்கலமும் மோட்டாரும் மின்னணுக் கட்டுப்பாடும் மெச்சத் தக்கவையாக இருந்தன. ஆனால் காரின் உடலைச் செய்வதில் அனுபவம் இல்லை. 2018 இல் 'மாடல் 3' காரைச் சொன்ன எண்ணிக்கையில் செய்து முடிக்க முடியாமல், ஆலைக்கு வெளியே ஒரு பெரிய கூடாரம் அடித்து அதனுள்ளும் கார்களைப் பொருத்தினார்கள். கதவுக்கும் உடலுக்கும் இடையே ஒரு பக்கம் விரல் நுழையும், மறுபக்கம் தாள்கூட நுழையாது என்னும்படி இடைவெளிகள் மாறுபட்டிருந்தன. சாயப் பூச்சிலும் குறை. 2020 இல் ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனம் புதுக் கார் வாங்கியவர்களைக் கேட்டு எடுத்த கணக்கில், 100 டெஸ்லா கார்களுக்கு 250 குறைகள் சொல்லப்பட்டன. மொத்த நிறுவனங்களின் சராசரி 166 தான்.

ஒரு நிறுவனம் மின்கலத்தில் கெட்டி, தகட்டு வேலையில் தடுமாற்றம். இன்னொன்று தகட்டு வேலையில் கெட்டி, மின்கலத்தில் தடுமாற்றம். பளபளப்பைப் பார்த்து உள்ளே இருப்பதை முடிவு செய்யவும் கூடாது. கதவு இடைவெளியைப் பார்த்து மின்கலம் மோசம் என்று ஒதுக்கவும் கூடாது. இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது பாடம் சற்று அச்சம் தருவது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 'போல்ட்' என்ற காரில் சில, நின்ற இடத்திலேயே தீப்பற்றின. காரணத்தைத் தேடியபோது, மின்கலம் செய்த எல்.ஜி. நிறுவனத்தின் ஆலைகளில் இரண்டு சிறு குறைகள் ஒரே கலத்தில் சேர்ந்து நேர்ந்திருப்பது தெரிந்தது. ஒன்று, உள்ளே இருந்த மின்முனைத் தகடு ஓரத்தில் கிழிந்திருந்தது. மற்றொன்று, இரு முனைகளையும் பிரித்து வைக்கும் மெல்லிய தாள் மடிந்திருந்தது. 2021 ஆகஸ்டில், அதுவரை செய்த போல்ட் கார்கள் அனைத்தையும் திரும்ப அழைத்தார்கள். சுமார் 1,40,000 கார்கள். மின்கலத்தை மாற்றித் தரும் வரை, காரை வீட்டை ஒட்டி நிறுத்த வேண்டாம், இரவு முழுக்க மின்னேற்றிக்கொண்டே தூங்க வேண்டாம் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். செலவில் 190 கோடி அமெரிக்க டாலர் வரை எல்.ஜி. ஏற்றுக்கொண்டது.

மின்சாரக் கார் என்றாலே தீப்பிடிக்கும் என்று இதைக் கேட்டு எண்ணிவிடக்கூடாது. பெட்ரோல் காரும் தீப்பிடிக்கக்கூடியதே. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. குறை கண்டபோது இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களை அழைத்துச் செலவில்லாமல் மாற்றித் தர, பின்னால் ஒரு வலுவான நிறுவனம் இருந்தது. அப்படி ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஃபிஸ்கர் நிறுவனம் 2024 ஜூனில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. நம் நாட்டில் 2023 முதல் விற்கப்பட்ட நேத்தா காரின் சீனத் தாய் நிறுவனமும் 2025 ஜூனில் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. குறைந்த விலை என்று நம்பி வாங்கியவர்களின் மனக்கவலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். உத்தரவாதக் கடிதம் என்பது ஒரு தாள். அதில் கையெழுத்திட்டவர் நிலைத்திருந்தால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

இனி அப்பாவின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். கரண்டு எங்கே ஏற்றுவது?

வீட்டுச் சுவரில் உள்ள சாதாரண மூன்று முனைச் செருகியில் ஏற்றலாம். ஆனால் மணிக்கு 2 யூனிட் அளவுதான் ஏறும். 60 யூனிட் மின்கலம் காலியிலிருந்து நிறைய ஒரு பகலும் ஓர் இரவும் கடந்துவிடும். சுவரில் தனியாகப் பொருத்தும் மின்னேற்றும் பெட்டி மணிக்கு 7 யூனிட் தரும். இரவு படுத்து விடியற்காலை எழும்போது கார் நிறைந்திருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள அதிவேக நிலையங்களோ 100 யூனிட்டும் அதற்கு மேலும் தரும் வேகம் கொண்டவை. காருக்கும் அந்த வேகத்தை ஏற்கும் திறன் இருந்தால், அரை மணி நேரத்தில் முக்கால் பங்கு நிறைந்துவிடும். கடைசிக் கால் பங்குக்கு மட்டும் நேரம் பிடிக்கும். பால் வாளி நிறைய வரும்போது, சிந்தாமல் இருக்க ஊற்றுவதை மெதுவாக்குகிறோம் அல்லவா? மின்கலத்துக்கும் அதே முறைதான்.

இந்த அதிவேக நிலையங்களில்தான் நிறுவனங்களின் சண்டை மூண்டது. எல்லாருடைய செருகியும் ஒரே வடிவத்தில் இல்லை. ஜப்பானியர் 2010 இல் 'சாடெமோ' என்ற முறையை அமைத்தார்கள். "தேநீர் ஏதும் அருந்துகிறீர்களா?" என்று பொருள்படும் ஒரு ஜப்பானியத் தொடரை நினைவூட்டும் பெயர் அது. ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கார் தயாராகிவிடும் என்பது கருத்து. ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் 'சி.சி.எஸ்.' என்ற வேறொரு முறையை வைத்துக்கொண்டன. சீனா தனக்கென ஒன்றை வைத்துக்கொண்டது. டெஸ்லாவோ அமெரிக்காவில் யாரோடும் சேராமல் தனிச் செருகி ஒன்றைச் செய்தது.

டெஸ்லா இன்னொரு காரியமும் செய்தது. கார் விற்றால் போதாது, மின்சாரம் கிடைக்கும் இடத்தையும் நாமே கட்ட வேண்டும் என்று முடிவு செய்தது. 2012 செப்டம்பரில் கலிஃபோர்னியா மாநிலத்தில் 6 நிலையங்களோடு தொடங்கி, நாடு முழுவதும் பரப்பியது. காரைச் செருகினால் போதும். கார் யாருடையது என்று நிலையமே கண்டறிந்து கணக்கில் காசைக் கழித்துக்கொள்ளும். ஓர் இடத்தில் ஒன்றிரண்டு அல்ல, பல இயந்திரங்களை வரிசையாக வைத்தார்கள். ஒன்று பழுதானாலும் பக்கத்தில் இன்னொன்று இருக்கும்.

மற்ற நிறுவனங்களின் கதை வேறு. 2015 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், தன் டீசல் கார்களின் புகை அளவைச் சோதனையில் மறைக்க மென்பொருள் வைத்திருந்தது அம்பலமானது. அதற்கான உடன்பாட்டின் ஒரு பகுதியாக, அமெரிக்காவில் மின்சார வாகன வசதிகளுக்கு 10 ஆண்டுகளில் 200 கோடி டாலர் செலவிட வேண்டும் என்று 2016 இல் முடிவானது. அந்தப் பணத்தில் பிறந்ததே 'எலக்ட்ரிஃபை அமெரிக்கா' என்ற நிலையத் தொடர். வேறு சில நிறுவனங்களும் நிலையங்கள் கட்டின. ஆனால் கார் ஒருவருடையது, இயந்திரம் இன்னொருவருடையது, காசு வாங்கும் முறை மூன்றாமவருடையது என்று பொறுப்பு சிதறிக் கிடந்தது.

2022 இல் ஆய்வாளர்கள் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அப்படிப்பட்ட பொது நிலையங்களுக்கு நேரில் போய் 657 மின்னேற்றிகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 72.5 மட்டுமே வேலை செய்தன. மற்றவற்றில் திரை இருண்டிருந்தது, அல்லது காசு வாங்கும் கருவி இயங்கவில்லை, அல்லது செருகி உடைந்திருந்தது. ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து இடங்களில் கம்பி காரை எட்டவேயில்லை. வரைபடத்தில் நான்கு நிலையம் காட்டினால், ஒன்று ஓடாது என்று எண்ணிக்கொண்டு புறப்பட வேண்டிய நிலை.

இதன் முடிவு என்ன தெரியுமா? போட்டியாளர்களே இறங்கி வந்தார்கள். 2022 நவம்பரில் டெஸ்லா தன் செருகி வடிவத்தை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 2023 மே மாதம் ஃபோர்ட் நிறுவனம் அதை ஏற்றது; ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் ஏற்றது. 2024 தொடக்கத்துக்குள் அமெரிக்காவில் கார் விற்கும் பெரிய நிறுவனங்கள் அநேகமாக எல்லாமே அந்த வழிக்கு வந்துவிட்டன. கதவு இடைவெளி கோணலாக இருந்த நிறுவனம், மின்சாரம் கிடைக்கும் இடத்தை ஒழுங்காக வைத்திருந்ததால் வென்றது.

ஐரோப்பாவில் இந்தச் சண்டை நீளவில்லை. 2014 இல் ஐரோப்பிய ஒன்றியம் பொதுச் செருகி எது என்று சட்டத்தாலேயே வகுத்துவிட்டது. அங்கே டெஸ்லாவும் 2019 முதல் 'மாடல் 3' காரைச் சி.சி.எஸ். செருகியோடுதான் விற்றது. அமெரிக்காவில் சந்தை பத்து ஆண்டு அடித்துக்கொண்டு கண்ட முடிவை, ஐரோப்பா ஒரு சட்டத்தால் கண்டது.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். மலேசியா ஐரோப்பிய வழியில் போகிறது. மெதுவாக ஏற்ற 'டைப் 2' செருகி, வேகமாக ஏற்ற 'சி.சி.எஸ். 2' செருகி. புதிதாக விற்பனையாகும் கார்களுக்கு இவையே பொது. 2023 ஜூலையில் டெஸ்லா இங்கே வந்தபோது, தன் அதிவேக மின்னேற்றிகளில் நூற்றுக்கு 30 பங்கையாவது மற்றக் கார்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று அரசாங்கம் நிபந்தனை விதித்தது. நல்ல ஏற்பாடு.

நம் தோட்டங்களோடு தொடர்புடைய ஒரு பெயரும் இதில் உண்டு. 1910 இல் மலாக்காவில் ரப்பர்த் தோட்ட நிர்வாகத்தோடு பிறந்த சைம் டார்பி என்ற பெயரை அறியாத தோட்டக் குடும்பம் இல்லை. 2022 டிசம்பரில் சீனாவின் பி.ஒய்.டி. காரை மலேசியாவுக்குக் கொண்டு வந்தது அதே சைம் டார்பியின் மோட்டார் பிரிவுதான். பி.ஒய்.டி. நிறுவனமோ 1995 இல் மின்கலம் செய்யும் தொழிலாகத் தொடங்கிப் பிறகு காருக்கு வந்தது. தன் மின்கலத்தைத் தானே செய்துகொள்வது அதன் பலம்.

உள்நாட்டுக் கார்களும் வந்துவிட்டன. புரோட்டோன் 2024 டிசம்பரில் 'இ.மாஸ் 7' காரையும், 2025 அக்டோபரில் 60,000 வெள்ளிக்குள் தொடங்கும் 'இ.மாஸ் 5' காரையும் அறிமுகம் செய்தது. பெரோடுவா 2025 டிசம்பரில் அறிமுகம் செய்த 'கியூ.வி.-இ' காரில் ஒரு புது ஏற்பாடு இருந்தது. அறிமுகத்தின்போது காரின் விலை 80,000 வெள்ளி. மின்கலம் அதில் சேராது. அதற்கு மாதம் 275 வெள்ளியும் வரியும் என ஒன்பது ஆண்டு வாடகை. மின்கலம் கெட்டால் பொறுப்பு நம்முடையதல்ல என்பது இதில் ஆறுதல். ஆனால் கார்த் தவணையோடு அந்த வாடகையையும் சேர்த்துத்தான் குடும்பக் கணக்கில் எழுத வேண்டும். 275 ஐ 108 மாதத்தால் பெருக்கினால் 29,700 வெள்ளி. இதை மறந்து விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

மின்னேற்றும் இடங்கள் எப்படி? 2025 முடிவுக்குள் 10,000 இடங்கள் என்று அரசாங்கம் இலக்கு வைத்திருந்தது, அது எட்டப்படவில்லை. இருப்பவற்றிலும் பெரும்பாலானவை கிள்ளான் பள்ளத்தாக்கிலும், பினாங்கு, ஜொகூர் பட்டணங்களிலும், வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டியும் இருக்கின்றன. உட்புறத் தோட்டங்களுக்கு அவை தொலைவு. தெனாகா, பெட்ரோனாசின் கெந்தாரி என்று நடத்துவோர் பலர். ஒவ்வொருவருக்கும் கைத்தொலைபேசியில் தனிச் செயலி. பெருநாள் காலங்களில் வரிசையும் நிற்கும்.

ஆகவே, தோட்டக் குடும்பங்கள் மனத்தில் வைக்க வேண்டிய சிலவற்றைத் தொகுத்துச் சொல்கிறோம்.

முதலாவது, வீட்டில் இரவில் ஏற்ற வழியுண்டா என்று பாருங்கள். அதுதான் பொது நிலையத்தைவிட மலிவு. வீட்டில் வழியில்லை, அருகில் நிலையமும் இல்லை என்றால், காரைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

இரண்டாவது, பழைய லயத்து வீடுகளின் மின்கம்பிகள் விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று போடப்பட்டவை. நீட்டிப்புக் கம்பி வைத்து, சன்னல் வழியாக இழுத்து, மணிக்கணக்கில் காருக்கு ஏற்றுவது வீட்டுக்கே ஆபத்து. கம்பி சூடேறி உருகும், தீப்பற்றும். பதிவு பெற்ற மின்பணியாளர் பார்த்துத் தனிக்கம்பி போட்டுத் தந்த பிறகே ஏற்ற வேண்டும். வீடு தோட்ட நிர்வாகத்துடையது என்றால், அவர்களிடம் எழுத்தில் அனுமதி பெறுவது அவசியம்.

மூன்றாவது, மின்கல உத்தரவாதத்தை வரிவரியாகப் படியுங்கள். எட்டு ஆண்டு என்பது பொதுவான வழக்கம். எத்தனை கிலோமீட்டர் வரை, கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள், நீரில் மூழ்கினால் பொறுப்பேற்பார்களா என்று கேளுங்கள். புரியாவிட்டால் படித்த பிள்ளைகளை உடன் அழைத்துப் போங்கள்.

நான்காவது, மின்கலம் காரின் அடியில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். குண்டும் குழியுமான செம்பனைத் தோட்டப் பாதையில் கல் இடித்தால், அடிபடுவது காரின் விலைமிகுந்த பகுதி. தரையிலிருந்து கார் எவ்வளவு உயரம், அடியில் காப்புத் தகடு உண்டா என்று குனிந்து பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரைச் சோதிக்காமல் இயக்கவோ மின்னேற்றவோ கூடாது.

ஐந்தாவது, பழைய கார் மலிவாக வந்தால் செருகி எந்த வகை என்று கேளுங்கள். சாடெமோ வகை என்றால் நம் நாட்டில் அதற்குரிய அதிவேக நிலையங்கள் மிகச் சில. மின்கலத்தின் கொள்ளளவு இப்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதற்குப் பட்டறைச் சான்று இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

மின்சாரக் கார் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாள்தோறும் 50, 60 கிலோமீட்டர் வேலைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு, வீட்டில் மின்னேற்ற வசதியும் இருந்தால், அது செலவைக் குறைக்கும்; எண்ணெய் மாற்றும் வேலையும் இல்லை. ஆனால் அரிசோனாவில் கோடுகள் மறைந்தவர்களும், திவாலான நிறுவனத்தை நம்பியவர்களும் கேளாமல் விட்ட கேள்விகளை நாம் கேட்டுவிட்டு வாங்குவோம். பிள்ளையின் ஆசையும் நியாயம்தான். அப்பாவின் கேள்வியும் நியாயம்தான். காட்சிக்கூடத்துக்கு இருவரும் சேர்ந்தே போகட்டும்.